‘டாக்டர் சொன்னார், நான் செய்தேன்’ என்றால் போதுமா?

கேள்வி கேட்டவர் கூடலூர்ப் பக்கம் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் இரண்டாவது வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். இரவு டியூட்டியில் சர்க்கரை எகிறிப்போன ஒரு முதியவர். டாக்டர் வீட்டில் இருக்கிறார். போனில் இன்சுலின் அளவு சொல்கிறார். இவர் காதில் ‘ஃபிஃப்டி’ என்று விழுகிறது. சந்தேகப்பட்டுத் திரும்பக் கேட்டால், ‘சொன்னதைச் செய்யுங்க’ என்று போனை வைத்துவிடுகிறார். இவர் ஊசியைப் போடாமல் தன் போனிலிருந்தே மறுபடி மறுபடி அழைக்க, மூன்றாவது தடவை தெரிகிறது: சொன்னது ‘ஃபிஃப்டீன்’. முதியவர் நலம். காலையில் இவருக்கு மெமோ: உத்தரவை மீறினார், சிகிச்சையைத் தாமதப்படுத்தினார். கூட வேலை பார்க்கும் அக்கா, ‘சட்டமெல்லாம் டாக்டருக்குத்தான், நீ சொன்னதைச் செஞ்சிட்டுப் போ’ என்கிறார். அது சரியா? கன்சென்ட் ஃபார்மில், அதாவது நோயாளியின் சம்மதப் படிவத்தில், சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னால் போட்டுவிடலாமா? மெமோவுக்கு என்ன பதில் எழுதுவது?

முப்பது வருடத்துக்கு மேல் இந்த நீலகிரி மலையில் எஸ்டேட் ஆஸ்பத்திரி, தனியார், டிரஸ்ட் என்று எல்லா இடத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கடைசி ஏழு வருடம் நர்ஸிங் மாணவிகளுக்கு வகுப்பும் எடுத்தேன். முதலில் நேரடிப் பதில்: நீங்கள் செய்தது சரி. அந்த அக்கா சொல்வது தவறு. அதுவும் ஆபத்தான தவறு.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. படிக்கும்போது விளக்கேற்றும் விழாவில் கையில் மெழுகுவர்த்தியோடு நாம் சொன்ன நைட்டிங்கேல் உறுதிமொழியை நினைத்துப் பாருங்கள். அது நைட்டிங்கேல் அம்மையார் எழுதியதே அல்ல. 1893-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையில் ஒரு குழு எழுதியது. டாக்டரின் பணிக்கு விசுவாசமாகத் துணைநிற்பேன் என்று அதில் ஒரு வரி உண்டு. அந்த விசுவாசம்தான் நம் தலைமுறையின் ரத்தத்தில் ஊறியது. சர்வதேச நர்ஸ்கள் கவுன்சில் 1953-ல் வெளியிட்ட முதல் நெறிமுறையிலும், டாக்டரின் உத்தரவை விசுவாசமாக நிறைவேற்ற வேண்டும் என்றுதான் இருந்தது. 1973-ல் திருத்தியபோது அதை எடுத்துவிட்டு, நர்ஸின் முதல் பொறுப்பு பராமரிப்பு தேவைப்படுகிறவர்களிடமே என்று எழுதினார்கள். அம்பது வருடம் ஆகிவிட்டது. செய்தி இன்னும் நம் ஊர் ஆஸ்பத்திரிகள் பலவற்றுக்கு மலையேறி வந்து சேரவில்லை.

சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. உங்கள் பெயர் தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சிலின் பதிவேட்டில் ஒரு எண்ணோடு இருக்கிறது. அந்தப் பதிவுக்கு அடிப்படை 1926-ம் வருடத்து மெட்ராஸ் நர்ஸ்கள், மிட்வைஃப்கள் சட்டம். அந்த எண் டாக்டருடையது அல்ல, ஆஸ்பத்திரியுடையதும் அல்ல. உங்களுடையது. ஊசி உங்கள் கையால் போகும்போது அந்த எண்ணும் கூடவே போகிறது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஸ்ப்ரிங் மெடோஸ் வழக்கு என்று பெயர். மாணவிகளுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்வேன். 1993 டிசம்பர், டெல்லியில் ஒரு தனியார் மருத்துவமனை, டைபாய்டு காய்ச்சலோடு ஒரு சிறுவன். டாக்டர் எழுதியது குளோரோமைசெட்டின். நர்ஸ் அப்பாவிடம் வாங்கி வரச் சொன்னது லாரியாகோ, அதாவது மலேரியாவுக்குக் கொடுக்கும் குளோரோகுயின். அப்பா ஓடிப்போய் வாங்கி வந்தார். நரம்பில் ஏற்றியதும் பிள்ளை சுருண்டுவிட்டான். இதயம் நின்று, மூளை மீள முடியாதபடி பாதிக்கப்பட்டது. அந்த நர்ஸுக்கு உரிய தகுதியே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. 1998-ல் உச்ச நீதிமன்றம், சிறுவனுக்கு 12.5 லட்சம், பெற்றோர் பட்ட வேதனைக்குத் தனியாக 5 லட்சம் என்ற இழப்பீட்டை உறுதிசெய்தது. நர்ஸ் செய்த தவறுக்கு மருத்துவமனைதான் பொறுப்பு என்றது. இதில் மாணவிகள் சந்தோஷப்பட்டுவிடுவார்கள்: ‘அப்போ பணம் ஆஸ்பத்திரிதான கட்டணும் மேடம்?’ ஆமாம், பணத்தை ஆஸ்பத்திரி கட்டும். ஜெயில் என்று வந்தால் அதை யாரும் உங்களுக்காகக் கட்ட மாட்டார்கள்.

இதைத்தான் அந்த அக்காவுக்குக் காட்டுங்கள். 2024 ஜூலை 1 முதல் குற்றங்களுக்கான பழைய சட்டமான ஐபிசி போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதன் 106-வது பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவிப்பது. தண்டனை ஐந்து வருடம் வரை. மருத்துவ நடைமுறையின்போது பதிவுபெற்ற மருத்துவர் செய்ததென்றால் இரண்டு வருடம் வரைதான் என்று ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள். ‘பதிவுபெற்ற மருத்துவர்’ என்றால் யார் என்று அதே பிரிவில் விளக்கமும் இருக்கிறது: தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி தகுதி பெற்று, மருத்துவர் பதிவேட்டில் பெயர் உள்ளவர். அந்தப் பதிவேட்டில் நாம் இல்லை. எழுதியிருக்கிறபடி படித்தால், ஒரே கட்டிலருகே நின்ற டாக்டருக்கு இரண்டு, நர்ஸுக்கு ஐந்து. இது நியாயமா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் ‘சட்டமெல்லாம் டாக்டருக்குத்தான்’ என்று இதைப் படித்தபிறகு யாரும் சொல்ல முடியாது.

அதற்காகப் பயந்து நடுங்கவும் வேண்டாம். 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சாதாரணக் கவனப்பிசகு வேறு, கிரிமினல் குற்றம் வேறு, யாரும் செய்யத் துணியாத அளவுக்கு மோசமான அலட்சியம் இருந்தால்தான் கிரிமினல் வழக்கு. அந்த வழக்கிலும் மூச்சுத்திணறிய நோயாளிக்கு வைத்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்ததுதான் புகார். அதைப் படித்ததிலிருந்து நான் டியூட்டி ஏற்றவுடன் முதலில் போய் நிற்கும் இடம் சிலிண்டர்தான். ஹேண்டிங் ஓவர் நோட்டில் ‘ஃபுல்’ என்று எழுதியிருந்தாலும் திறந்து முள்ளைப் பார்ப்பேன்.

சரி, உங்கள் ஃபிஃப்டிக்கு வருகிறேன். மழைக்காலத்தில் இங்கே டவர் இருக்கும் லட்சணம் நமக்குத் தெரியும். பாதி வார்த்தை தேவாலாவிலேயே நின்றுவிடும். போனில் உத்தரவு வாங்குவது தவறில்லை, அவசரத்துக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் வாங்கும் முறை ஒன்று உண்டு. காதில் விழும்போதே எழுதுங்கள். எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டுங்கள். ‘சரி’ என்று அவர் வாயால் வரவேண்டும். ஆங்கிலத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும், தர்ட்டீனும் தர்ட்டியும் காதுக்கு அண்ணன் தம்பிகள். அதனால் நான் எப்போதும் தமிழில் திருப்பிச் சொல்வேன்: ‘சார், பதினஞ்சு யூனிட்தானே? ஒண்ணு, அஞ்சு.’ பதினைந்தையும் ஐம்பதையும் குழப்பிக்கொள்கிற காது இன்னும் பிறக்கவில்லை. மலையாளி டாக்டராக இருந்தாலும் புரியும். பெரிய ஆஸ்பத்திரிகளில் இரண்டாவது நர்ஸ் ஒருவரும் போனில் கேட்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். உங்களிடத்தில் ராத்திரி ஒரே ஆள் என்றால், ஸ்பீக்கரில் போட்டு ஆயாம்மாவையாவது பக்கத்தில் நிற்க வையுங்கள். மறுநாள் ரவுண்ட்ஸில் அந்த உத்தரவுக்குக் கீழே டாக்டரின் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்சுலின் என்பதால் இன்னொன்றும். ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் பாட்டிலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட் இருப்பதற்கு ஆரஞ்சு மூடி. ஸ்டாக் தீர்ந்து கையில் கிடைத்ததை எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு கூடும், அல்லது குறையும். கரண்ட் போன ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் இரண்டு மூடியும் ஒரே நிறமாகத்தான் தெரியும். நான் சொல்வது அனுபவம்.

அனுபவம் என்றதும் என் தவறையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரி. பெண்கள் வார்டில் இரண்டு மாரியம்மா. நீர் இறங்குவதற்கான லாசிக்ஸ் ஊசி ஒரு மாரியம்மாவுக்கு. ராத்திரி எட்டு மணிக்கு நான் கட்டிலருகே போய், ‘நீங்க மாரியம்மாதானே?’ என்றேன். ‘ஆமா சிஸ்டர்’ என்றார். உண்மைதானே, அவரும் மாரியம்மாதான். டிசம்பர் மாதப் பனி, கழிப்பறை வெளியே. விடியும்வரை அந்தக் கிழவி போர்வையைச் சுற்றிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தார். எனக்குப் புரிந்தபோது மணி மூன்று. இன்சார்ஜ் சிஸ்டர் சொன்னார்: ‘ஒண்ணும் ஆகலைல்ல, எழுதாதே, விடு.’ நான் எழுதவில்லை. ஆனால் காலையில் அந்த அம்மா தன் மகளிடம், தனக்குக் கிட்னி போய்விட்டது, இனி எத்தனை நாளோ என்று அழுதுகொண்டிருந்தார். அப்போதுதான் வாயைத் திறந்தேன். என்னைப் பார்த்துவிட்டு, ‘அதான் ராத்திரி பூரா ஓடுனேனா?’ என்று சிரித்தார். அவர் மன்னித்துவிட்டார். கேஸ் ஷீட்டில் அந்த ஊசி இன்றும் இல்லை. இரத்த அழுத்தம் குறைந்து அவர் அந்தப் பனியில் விழுந்து இடுப்பு உடைந்திருந்தால், தவறு செய்தவள் என்பதோடு மறைத்தவள் என்றும் ஆகியிருப்பேன். இரண்டாவதற்குக் கோர்ட்டில் எந்த வக்கீலாலும் பதில் சொல்ல முடியாது.

அன்றிலிருந்து ‘நீங்க இன்னாரா?’ என்று யாரையும் கேட்பதில்லை. ‘உங்க பேர் என்னம்மா, எந்த லைன், அப்பா பேர் என்ன?’ என்றுதான் கேட்பேன். புருஷன் பெயரைக் கேட்காதீர்கள். வயசான பெண்கள் சொல்லமாட்டார்கள், பக்கத்துக் கட்டில்காரி சொல்வாள், அது இன்னொரு குழப்பம்.

பாடத்தில் வரும் நான்கு கொள்கைகளையும் நீங்கள் படித்திருப்பீர்கள்: நோயாளியின் சுயவிருப்பம், நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி. பரீட்சைக்கு எழுதியதை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. இந்த மலையில் அதிகம் அடிபடுவது முதலாவதுதான். அது உங்கள் இரண்டாவது கேள்வி.

கன்சென்ட் ஃபார்மில் சாட்சி என்று கையெழுத்திட்டால், ‘என் கண் முன்னால் இவருக்கு விளக்கப்பட்டது, இவர் புரிந்துகொண்டு ஒப்புக்கொண்டார்’ என்று பொருள். வெற்றுப் படிவத்தில் காலையிலேயே கைநாட்டு வாங்கி வைத்துவிட்டு, மத்தியானம் ஆபரேஷன் பெயரை நிரப்புகிற வழக்கம் பல இடத்தில் உண்டு. அதில் சாட்சி போடாதீர்கள். 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவில் வையுங்கள். 44 வயதுப் பெண், வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்குச் சம்மதித்து மயக்கத்தில் இருக்கிறார். டாக்டர் வெளியே காத்திருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுகிறார். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, அவர் கண் விழிக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும், அம்மாவின் சம்மதம் செல்லாது என்றது கோர்ட். பெற்ற அம்மாவுக்கே இல்லாத உரிமை புருஷனுக்கு எங்கிருந்து வரும்? குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் கணவர் சம்மதம் தேவையில்லை. கருக்கலைப்புக்கும், பதினெட்டு முடிந்த பெண்ணென்றால் அவள் சம்மதம் ஒன்றே போதும். நம் வார்டுகளில் நடப்பது என்ன? ‘ஐயாவைக் கூப்பிடுங்க, கையெழுத்துப் போடணும்.’

கூடலூர், பந்தலூரில் இது இன்னும் சிக்கல், உங்களுக்கே தெரியும். பணியர் என்ற ஆதிவாசி இனத்து அம்மா ஒருவரிடம் நாம் வேகத் தமிழில் ஐந்து நிமிடம் பேசினால், எல்லாவற்றுக்கும் ‘ம்’ என்பார். அந்த ‘ம்’ சம்மதம் அல்ல. இந்தப் பேச்சு சீக்கிரம் முடியட்டும் என்பது. ‘நாளைக்கு உங்களுக்கு என்ன செய்யப் போறோம்னு எனக்குச் சொல்லுங்க’ என்று அவரைச் சொல்ல வையுங்கள். சொல்ல முடியாவிட்டால் நாம் விளக்கவில்லை என்று அர்த்தம். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் அவர்கள் ஊர் சுகாதாரப் பணியாளரைக் கூப்பிடுங்கள். கூலிக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரியையோ எஸ்டேட் கங்காணியையோ அழைக்காதீர்கள். அவர் முன்னால் அந்தப் பெண் ‘வேண்டாம்’ என்று சொல்லவே மாட்டார், மறுநாள் காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் அவருடைய நோய் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். கூடலூரில் அஸ்வினி அமைப்பு 1990-ல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களையே நர்ஸ்களாகப் பயிற்றுவித்தார்கள். சம்மதம் என்ற விஷயத்தில் அதற்கு ஈடான ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

ரகசியம் காப்பதும் இங்கே சமவெளியைப் போல அல்ல. ஊர் சின்னது. ஒரே பஸ்ஸில் நோயாளியின் மாமியாரும் நாமும் தொங்கிக்கொண்டு வருவோம். ‘என்ன சிஸ்டர், நம்ம புள்ளைக்கு என்னவாம்?’ என்பார்கள். கேட்பவர் உங்கள் ஹட்டியின், அதாவது ஊரின், பெரியவராகவும் இருப்பார், மரியாதை இல்லாமல் பேச முடியாது. ‘டாக்டர்கிட்ட கேளுங்க தாத்தா, நான் சொன்னா வேலை போயிடும்’ என்பது என் நிரந்தரப் பதில். பொய்யும் அல்ல, மரியாதைக் குறைவும் அல்ல. குறிப்பாக இரண்டு விஷயங்களில் நாக்கைக் கட்டுங்கள். ஒன்று எச்ஐவி. 2017-ம் வருடச் சட்டப்படி சம்மதமில்லாமல் பரிசோதனையே கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. துணைக்குச் சொல்ல வேண்டிய நிலை வந்தாலும் அதைச் செய்ய வேண்டியவர் டாக்டர் அல்லது கவுன்சிலர்தான், நாமல்ல. இரண்டாவது சிக்கிள் செல், பரம்பரையாக வரும் ரத்த நோய். நம் மாவட்ட ஆதிவாசி மக்களிடம் பரிசோதனை பரவலாக நடக்கிறது, நல்ல விஷயம். ஆனால் ஒரு பெண்ணின் அட்டையில் என்ன இருக்கிறது என்று சந்தையில் வைத்து யாரோ ஒரு மாமன் கேட்டு, நாம் வாய் தவறிச் சொல்லி, கல்யாணம் நின்றால், அந்தப் பெண் அதன்பிறகு எதற்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரமாட்டாள்.

சட்டம் பேசச் சொல்லும் இடமும் ஒன்று இருக்கிறது. எனக்கு இன்றும் மனசு ஒப்பாமல் செய்த காரியம் அது. பதினேழு வயதுப் பெண், வயிற்றில் ஆறு மாதம், கூட வந்திருக்கும் பையனும் இருபதைத் தாண்டவில்லை. ஊரார் கூடி வைத்த குடும்பம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி தகவல் தெரிந்தவர் போலீஸுக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. சொன்னால் பையன் உள்ளே போவான், அந்த ஊரில் அடுத்த பிரசவம் வீட்டிலேயே நடக்கும். கருக்கலைப்புக்கு வரும் சிறுமி விஷயத்தில், அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், தகவல் கொடுக்கும் டாக்டர் அவள் அடையாளத்தைச் சொல்லத் தேவையில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வாசலைத் திறந்தது. பிரசவத்துக்கு வருகிறவளுக்கு அந்த வாசல் இல்லை. நீங்கள் தனியாக முடிவெடுக்காதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், சொன்னதை நேரத்தோடு எழுதுங்கள், போலீஸ் வரும்வரை என்று சிகிச்சையை ஒரு நிமிடம்கூட நிறுத்தாதீர்கள். இதற்கு மேல் நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் போனே எடுக்காத ராத்திரிக்கும் ஒரு வார்த்தை. பிரசவம் பார்க்கும் இடமென்றால் நமக்கு எழுதப்பட்ட அதிகாரம் இருக்கிறது. பயிற்சி பெற்ற நர்ஸ், குழந்தை பிறந்தவுடன் ரத்தப்போக்கைத் தடுக்க ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போடலாம். பிரசவ வலிப்பு வந்தவருக்கு மெக்னீசியம் சல்பேட் முதல் தவணை, ஒரு பிட்டத்துக்கு 5 கிராம் வீதம் 10 கிராம் ஆழமாகப் போட்டுவிட்டு ரெஃபர் செய்யலாம். இவை மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதலில் இருப்பவை. கல்லட்டியோ பர்லியாறோ, எந்த மலைப்பாதையிலும் 108 இறங்கும்போது அந்த முதல் தவணைதான் தாயைக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கும். அதன் நகலை லேபர் ரூம் சுவரில் ஒட்டி வையுங்கள். அதில் இல்லாததை நம் துணிச்சலில் செய்யக்கூடாது.

இனி மெமோ. வாங்க மறுக்காதீர்கள். ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதி, நேரத்தோடு கையெழுத்திடுங்கள்; அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. யாராவது கேஸ் ஷீட்டை ‘கொஞ்சம் சரிபண்ணி’ எழுதச் சொன்னால் செய்யாதீர்கள். விட்டுப்போன ஏதாவது இருந்தால் ‘தாமதப் பதிவு’ என்று போட்டு இன்றைய தேதியிலேயே எழுதுங்கள். அடித்து எழுத வேண்டுமென்றால் ஒரே கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம். ஒயிட்னர் கூடவே கூடாது.

பதிலில் கோபமும் வேண்டாம், ‘இனி இப்படி நடக்காது, மன்னிக்கவும்’ என்பதும் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள்: ‘இன்ன தேதி இரவு இத்தனை மணிக்குப் போனில் சொல்லப்பட்ட இன்சுலின் அளவு எனக்கு 50 யூனிட் என்று கேட்டது. அது வழக்கத்துக்கு மிக அதிகமாகத் தோன்றியதால் உறுதிசெய்ய மறுபடி அழைத்தேன். இத்தனை மணிக்கு 15 யூனிட் என்று உறுதி செய்யப்பட்டது. இத்தனை மணிக்குக் கொடுத்தேன். ஊசிக்கு முன் சர்க்கரை அளவு இவ்வளவு, பின் இவ்வளவு.’ அதோடு நிறுத்துங்கள். ஒரு நகலில் ஆபீஸ் முத்திரை வாங்கி வீட்டில் வையுங்கள், லாக்கரில் அல்ல.

கேள்வியின் கடைசியில், தீபாவளி போனஸில் பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். அந்த மூன்று அழைப்புகளும் நேரத்தோடு அதில்தான் இருக்கின்றன. இன்றைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த மெமோ விவகாரம் முடியும்வரை போனையும் கொடுத்துவிடாதீர்கள்.